நாற்பது வயதுக்கு மேல் ஒரு பைக் மெக்கானிக் புதிதாகக் கற்றுப் பயன் உண்டா?

"எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் ஆகிவிட்டது, இந்த வயதில் இனி கற்று என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே தொழிலில் இருப்பவன். கண்டிப்பாகக் கற்றுக்கொள்ளுங்கள் அண்ணா.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. புது பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வந்துவிட்டது. ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பி, சத்தத்தை வைத்தே டியூன் செய்த கைகளுக்கு அது பெரிய அடிதான். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை இப்போது இசியூ என்ற சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. "எஃப்ஐ வண்டியா, ஷோரூமுக்கே கொண்டு போங்க" என்று திருப்பி அனுப்பியவர்கள் பலர். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் பிடிக்கவும் வயரிங் படம் பார்க்கவும் பழகியவர்களிடம் அந்த வண்டிகள் போய்ச் சேர்ந்தன.

பழைய அனுபவம் வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். இசியூவில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை ஒரு வண்டியில் மாட்டினால், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரில் கோளாறு என்று காட்டும். புதுப் பையன் உடனே சென்சாரை மாற்றச் சொல்வான். சைலன்சர் பைப் என்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் போய், வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் ஸ்கேனரில் அதே கோளாறுக் குறியீடு வரலாம். அந்தக் கசிவுச் சத்தம் உங்கள் காதுக்கு உடனே தெரியும். பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலும், ஏர் ஃபில்டர் அடைத்தாலும் எஃப்ஐ வண்டி தகராறு செய்யும். இதையெல்லாம் யோசிக்கத் தெரிந்தவருக்கு ஸ்கேனர் நல்ல துணை. யோசிக்காதவர் வாடிக்கையாளரின் காசில் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டிருப்பார். எனக்கு அதைப் பார்த்தாலே மனசு பொறுக்காது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வேறு கதை. மோட்டார், கண்ட்ரோலர், வயரிங் வரை நாம் பழகலாம். லித்தியம் பேட்டரியை மட்டும் யூடியூப் பார்த்துப் பிரிக்காதீர்கள், தீப்பிடிக்கும். அதற்கு முறையான பயிற்சி வேண்டும். பக்கத்து ஐடிஐயில் குறுகிய காலப் பயிற்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

"ஒரே வாரத்தில் நிபுணர்" என்று வரும் விளம்பரங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம். முதலில் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்கி, பட்டறைக்கு வரும் ஒவ்வொரு எஃப்ஐ வண்டியிலும் பேட்டரி, சார்ஜிங் வோல்டேஜ் பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள். ஸ்கேனர் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.