3 டிபி போட்டோ, வீடியோவில் மாறியதை மட்டும் பேக்கப் எடுக்க முடியுமா?

மாதாமாதம் 3 டிபியையும் முழுசாகக் காப்பி போட்டு ஒரு நாளைத் தொலைக்கிறேன், புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் எடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அந்த வழியில் ஒரு குழி இருக்கிறது. நான் விழுந்து எழுந்தவன்.

கீழக்கரையில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இங்கே பல வீடுகளில் யாராவது ஒருவர் துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார். ஏழு வருடம் கழித்து ராத்திரி பதினொரு மணிக்கு, "காக்கா, எங்க லாத்தா (அக்கா) நிக்காஹ் வீடியோ இருக்குமா?" என்று வாட்ஸ்அப் வரும். இல்லை என்று சொல்ல வாய் வராது. அதனால் எதையும் அழிப்பதில்லை. உப்புக்காற்றில் யூஎஸ்பி முனையே துருப்பிடிக்கிற ஊர், ஒரு டிஸ்கை நம்பி இருக்கவும் முடியாது.

விண்டோஸில் ரோபோகாப்பி என்ற காப்பி எடுக்கும் கட்டளை விஸ்டா காலத்திலிருந்தே கூடவே வருகிறது. லினக்ஸ் என்றால் 1996-ல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கரசும் வெளியிட்ட ஆர்சிங்க். இரண்டுமே ஃபைலைத் திறந்து படித்துப் பார்ப்பதில்லை. பெயர், அளவு, கடைசியாக மாறிய நேரம், இந்த மூன்றும் ஒத்திருந்தால் தாண்டிப் போய்விடும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 3 டிபிக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதிதாக 100 ஜிபி கல்யாணம் ஒன்றுதான் சேர்ந்திருக்கிறது என்றால் சுமார் 17 நிமிடம்.

பெயரைப் பார்ப்பதால் ஒரு தொல்லையும் உண்டு. ஃபோல்டர் பெயரை மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் புதுசு என்று நினைத்து மறுபடி இழுக்கும். ஆர்சிங்கில் 'ஏ' சுவிட்சை (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் குறிப்பு) விட்டுவிட்டால் நேரம் சரியாகப் பதியாமல் அடுத்த முறையும் முழுசாக ஓடலாம். பழைய ஃபேட் வகை டிஸ்க் நேரத்தை 2 நொடிக் கணக்கில்தான் பதியும், அதனால் மாறாத ஃபைலும் மாறியதாகத் தெரியலாம், அதற்கு ரோபோகாப்பியில் 'எஃப்எஃப்டி' சுவிட்ச். அப்புறம், படிக்க முடியாத ஃபைல் ஒன்று வந்தால் ரோபோகாப்பி 30 நொடிக்கு ஒரு முறை, பத்து லட்சம் தடவை முயலும்! நிஜமாகவே அதன் இயல்பான கணக்கு அதுதான். காலையில் வந்து பார்த்தால் அதே ஃபைலில் நின்றுகொண்டிருக்கும். 'ஆர்' சுவிட்சில் 2 (தடவை), 'டபிள்யூ'வில் 5 (நொடி) என்று கொடுத்துவிடுங்கள்.

இனி குழி. 'எம்ஐஆர்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, மிரர். ஆர்சிங்கில் 'டிலீட்'. மூலத்தில் இல்லாததைப் பேக்கப்பிலும் அழித்து இரண்டையும் ஒன்றாக்கும். எனக்கு அது சுத்தமாகத் தெரிந்தது, தினமும் இரவில் ஓடும்படி வைத்திருந்தேன். ஆல்பம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கடைப் பையன் ஒரு நிக்காஹ் ஃபோல்டரை அழித்தான். அன்று இரவே ஸ்கிரிப்ட் பேக்கப்பிலிருந்தும் சமத்தாக அழித்தது. கேமரா கார்டுகள் ஏற்கெனவே ஃபார்மட் ஆகி வேறு கல்யாணத்துக்குப் போயிருந்தன. பிரிண்டிங் லேபுக்கு அனுப்பியிருந்த இருநூறு சொச்சம் படங்கள் மட்டும் கிடைத்தன. வீடியோ போனது போனதுதான். அவனைத் திட்டி என்ன பயன்? சுவிட்சைப் போட்டது நான்.

இப்போது மிரர் கிடையாது. சேர்ப்பது மட்டும். பெயர் மாறிய ஃபோல்டர்கள் இரண்டு தடவை கிடக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து கையால் கழிக்கிறேன். இரண்டு பேக்கப் டிஸ்க்குகள், வாரம் மாற்றி வாரம். ஓடாத டிஸ்க் கம்ப்யூட்டரில் செருகியிருக்காது, ராமநாதபுரத்தில் லாத்தா வீட்டு பீரோவில் இருக்கும்.

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பயம் என்றால், பட்டனை அழுத்தியே இதே வேலையைச் செய்கிற ஃப்ரீஃபைல்சிங்க் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். 'கம்பேர்' அழுத்தினால் என்னென்ன போகப்போகிறது என்று முதலில் பட்டியல் காட்டும். ரோபோகாப்பியில் 'எல்' சுவிட்சும் ஆர்சிங்கில் 'டிரை-ரன்'னும் அதே வேலையைச் செய்யும். முதல் தடவை அப்படி ஓட்டிப் பார்த்து, அழிக்கப்போகிறேன் என்று ஒரு வரி வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.