ஆர்.வி.யில் குடியிருந்துகொண்டு தீம் பார்க்கில் சீசன் வேலை: கட்டுப்படியாகுமா, எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி: நானும் மனைவியும் அமெரிக்கக் குடிமக்கள். எனக்கு வயது 63, அவருக்கு 61. வீட்டை விற்றுவிட்டு 30 அடி டிராவல் டிரெய்லரில், அதாவது வண்டியில் இழுத்துச் செல்லும் ஆர்.வி. என்ற நடமாடும் வீட்டில், வசிக்கிறோம். ஒரு தீம் பார்க்கில் இருவருக்கும் சீசன் வேலையும், வண்டி நிறுத்த இடமும் தருவதாகச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்:

ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பேசப் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜூன் மாதத்துக்காக அவர்கள் உங்களைத் தேடவில்லை. ஜூனில் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். ஆகஸ்ட் நடுவில் கல்லூரி திறந்ததும் அந்தக் கூட்டம் ஒரே வாரத்தில் காலியாகிவிடும். பார்க்கோ செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே வரை தினமும் ஓட வேண்டும். அதற்குப் பிறகு அக்டோபர் முடியும்வரை ஹாலோவீன் வார இறுதிகள் வேறு. அந்தப் பத்துப் பதினோரு வாரத்துக்குத்தான் வீட்டோடு வந்து நிற்கும் ஆட்கள் வேண்டும். "கடைசி நாள் வரை இருப்போம்" என்ற வாக்குதான் உங்கள் கையில் இருக்கும் சரக்கு. அதைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள்.

அந்த வாக்குக்கு விலை சீசன் முடிவு போனஸ். வேலை பார்த்த ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று கணக்கிட்டு, ஒப்பந்தத் தேதிவரை இருந்தவர்களுக்கு மட்டும் தருவார்கள். மணிக்கு 1 டாலர் என்றால், 800 மணி நேரம் பார்த்தவருக்கு 800 டாலர். உடம்பு முடியாமல் ஒரு வாரம் முன்பே போக நேர்ந்தால் என்ன ஆகும், பார்க்கே முன்கூட்டி மூடினால் என்ன ஆகும், இந்த இரண்டுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது இடத்தின் கணக்கு. இந்த மாதிரி வேலைக்கு அங்கே வொர்க்கேம்பிங் என்று பெயர். 1987 முதலே இதற்கென்று 'வொர்க்கேம்பர் நியூஸ்' என்ற பத்திரிகை இருக்கிறது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மூன்று வகை. பார்த்த எல்லா மணிக்கும் சம்பளம், இடம் இலவசம். அல்லது எல்லா மணிக்கும் சம்பளம், இடத்துக்குக் குறைந்த வாடகை பிடித்தம். மூன்றாவது, இடத்துக்கு ஈடாக இத்தனை மணி நேரம் சம்பளமில்லாமல் உழைப்பது. மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓர் உதாரணம்: அந்த இடத்தின் மாத வாடகை 700 டாலர், இருவரும் சேர்ந்து வாரத்துக்கு 24 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று வையுங்கள். மாதத்துக்கு ஏறத்தாழ 104 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 6 டாலர் 73 சென்ட். 2009-இலிருந்து மாறாமல் இருக்கும் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான 7.25-ஐக்கூட எட்டவில்லை. வாடகையை அவர்கள் சொல்லும் 'மதிப்பு' கொண்டு கணக்கிடாதீர்கள். அதே ஊரில் மாத வாடகைக்கு ஓர் இடம் என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத கேளிக்கை நிறுவனங்களுக்கு மத்திய தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலியிலிருந்தும் ஓவர்டைம் விதியிலிருந்தும் விலக்கு தருகிறது. அதைவிட அதிக நாள் திறந்திருந்தாலும், முந்தைய ஆண்டில் மந்தமான ஆறு மாதங்களின் சராசரி வருமானம் மற்ற ஆறு மாதச் சராசரியில் 33⅓ சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அதே விலக்குதான். ஆகவே ஜூலையில் வாரம் 55 மணி நேரம் பார்த்தாலும், 40-க்கு மேற்பட்டதற்கு ஒன்றரை மடங்கு வரும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது. மாநிலச் சட்டம் கூடுதலாகத் தந்தால் அதுதான் செல்லும். எந்த மாநிலம் என்று பார்த்துவிட்டு, "40-க்கு மேல் என்ன ரேட்?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

மணி நேரம் குறைவதுதான் இதைவிடப் பெரிய சிக்கல். "வாரம் 40" என்று சொல்வது மே கடைசித் திங்கள் மெமோரியல் டேயிலிருந்து லேபர் டே வரையிலான 14, 15 வாரத்துக்குத்தான் பொருந்தும். ஏப்ரலிலும் செப்டம்பருக்குப் பிறகும் பார்க் வார இறுதியில் மட்டும் திறப்பதால், வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேலை. மழை பெய்தால் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பிய பிறகு சம்பளம் ஓடாது. அதனால் சீசன் முழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். "வாரத்துக்குக் குறைந்தது இத்தனை மணி நேரம்" என்ற உத்தரவாதம் கிடைத்தால், அது மணிக்கு அரை டாலர் உயர்வைவிட மேல்.

உங்கள் வயதுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தையும் கவனிக்க வேண்டும். 62-லேயே வாங்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், முழு ஓய்வு வயதை எட்டும்வரை சம்பளத்துக்கு வரம்பு உண்டு. 2025-இல் அது 23,400 டாலராக இருந்தது. தாண்டிய ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் பென்ஷனில் நிறுத்திவைப்பார்கள். வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. ஒரு தீம் பார்க் சீசனில் மட்டும் இதைத் தாண்டுவது அரிது. அதே ஆண்டில் குளிர்கால வேலையும் சேர்ந்தால் தாண்டும்.

இலவச இடத்துக்கு வரி உண்டா என்பது மூன்று விஷயத்தைப் பொறுத்தது. அது முதலாளியின் வளாகத்திலேயே இருக்க வேண்டும், அவருடைய தொழில் வசதிக்காகத் தரப்பட்டிருக்க வேண்டும், அங்கே தங்குவது வேலைக்கான நிபந்தனையாக இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் வருமானத்தில் சேராது. ஒன்று விட்டுப்போனாலும் அதன் மதிப்பு சம்பளமாகி வரி பிடிக்கப்படும். ஆகவே "பார்க் முகாமில் தங்குவது கட்டாயம்" என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருப்பது உங்களுக்கு நல்லது. முகவரியை வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃபுளோரிடா, சவுத் டகோட்டாவில் வைத்திருந்தாலும், ஓஹையோவிலோ அயோவாவிலோ சம்பாதித்த பணத்துக்கு அந்த மாநிலம் வரி கேட்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பார்வையாளர் விசாவில் வந்த அப்பா அம்மாவோ, வேலை அனுமதி அட்டை இல்லாத எச்-4 விசாத் துணைவரோ (எச்-1பி விசா ஊழியரின் கணவன் அல்லது மனைவி) "சம்பளம் வாங்கவில்லை, இடம் மட்டும்தானே" என்று இதில் இறங்கக் கூடாது. இடமும் கூலிதான். விசா போய்விடும்.

இனி வண்டி. பலர் சம்பளத்தைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, கரன்ட் இணைப்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. சீசனைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். 30 அடி டிரெய்லர் என்றால் உங்களுடையது அநேகமாக 30 ஆம்ப், மூன்று கம்பி பிளக். 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். 15,000 பி.டி.யு. ஏ.சி. ஓடும்போது 13 முதல் 16 ஆம்ப் இழுக்கும். வாட்டர் ஹீட்டரின் மின்சுருள் 12, மைக்ரோவேவ் 13. மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் ஓடும், அதுவும் ஒட்டி ஒட்டித்தான். கோடையில் ஹீட்டரை கேஸில் போட்டுக்கொள்வதே சரி.

ஜூலை மதியத்தில் முகாமின் எல்லா ஏ.சி.யும் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 105-க்குக் கீழே போனால் கம்ப்ரசர் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். வெறும் சர்ஜ் புரொடெக்டர் இதைத் தடுக்காது. வோல்டேஜ் பார்த்துத் தானாக அணைக்கும் இ.எம்.எஸ். வகைதான் வேண்டும், 104-க்குக் கீழும் 132-க்கு மேலும் துண்டிக்கும்படி அமைந்தவை கடையில் கிடைக்கின்றன. சாக்கெட்டும் முக்கியம். வருடக்கணக்கில் பிளக் செருகிப் பிடுங்கிய 30 ஆம்ப் சாக்கெட் உள்ளே தளர்ந்திருக்கும். தளர்ந்த தொடர்பு சூடாகி பிளக்கை உருக்கும். வந்த முதல் நாளே ஏ.சி.யை அரை மணி நேரம் ஓடவிட்டு, பெடஸ்டல் (மின் இணைப்புக் கம்பம்) பிரேக்கரை அணைத்துவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆட்கள் நிரம்பிய பிறகு எலெக்ட்ரீஷியன் கிடைப்பது கஷ்டம். மீட்டர் தனியாக இருந்தால் பில் யார் கட்டுவது என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

நாய் இருந்தால் இது இன்னும் தீவிரம். இருவரும் ஒரே ஷிப்டில் போன நேரத்தில் பிரேக்கர் விழுந்தால், மூடிய டிரெய்லர் ஒரு மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். செல்போன் சிக்னலில் வெப்பநிலை அனுப்பும் கருவி ஒன்று வாங்குங்கள். இருவருக்கும் மாற்று ஷிப்ட் கேளுங்கள். தம்பதிகளுக்கு அதைச் செய்து தரும் பார்க்குகள் உண்டு.

தண்ணீருக்குக் குழாயடியில் பிரஷர் ரெகுலேட்டர் போட்டு 50, 60 பி.எஸ்.ஐ.க்குள் வைத்தால் போதும். ஏப்ரலில் சேருபவர்கள் இரவு உறைபனியை நினைத்துச் சூடாக்கும் ஹோஸ் கொண்டுபோக வேண்டும். கழிவுநீர்க் குழாய் நிரந்தரமாக இணைந்திருக்கிறது என்று கழிப்பறை டேங்கின் வால்வைத் திறந்தே விடாதீர்கள். நீர் ஓடிவிடும், கெட்டிப்பொருள் அடியில் குவிந்து கல்லாகும், ஆகஸ்டில் அடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் திறந்து, அதன் பின்னால் குளியல் நீர் டேங்கைத் திறந்தால் அந்த நீரே குழாயைக் கழுவிவிடும்.

வேலை எப்படிப்பட்டது? அயோவாவின் ஆல்டூனாவில் உள்ள அட்வென்ச்சர்லேண்ட் போல ஆர்.வி.க்காரர்களை வேலைக்கு எடுத்துப் பழகிய பார்க்குகளில், ரைடு, உணவுக்கடை, நுழைவாயில், பரிசு விளையாட்டு, கடை, துப்புரவு, முகாம் அலுவலகம் என்று பிரிப்பார்கள். எதற்குப் போனாலும் கான்கிரீட் தரையில் எட்டு முதல் பத்து மணி நேரம் நிற்பதற்குத் தயாராக இருங்கள். வழுக்காத ஷூ இரண்டு ஜோடி வாங்கி நாள்விட்டு நாள் மாற்றிப் போட்டால் கால் தாங்கும். என் கணிப்பில் 60 தாண்டியவர்களுக்கு ஏற்றவை நுழைவாயில், முகாம் அலுவலகம், சீருடை வழங்கும் இடம், பணம் எண்ணும் அறை. பொரிக்கும் கடையை முடிந்தவரை தவிருங்கள். வெளியே 35 டிகிரி செல்சியஸ் என்றால் உள்ளே எண்ணெய்ச் சட்டியின் சூடும் சேரும்.

ரைடு கிடைத்தால், அது பொறுப்பான வேலை. உயரக் கோலில் 48 அங்குலம் என்றால் 48-தான். அழும் குழந்தையையும் சண்டைக்கு வரும் அப்பாவையும் பார்த்து அரை அங்குலம் விட்டுக்கொடுக்கக் கூடாது. பயணியின் மடியை அழுத்திப் பிடிக்கும் ஒவ்வொரு லேப் பாரையும் கையால் கீழே அழுத்தியும் மேலே இழுத்தும் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது. ஓட்டுபவரும் ஏற்றி இறக்குபவரும் கண்ணோடு கண் பார்த்து, கை உயர்த்தி உறுதி சொன்ன பிறகே பொத்தானைத் தொட வேண்டும். 2016 ஜூனில் அயோவாவில் ஒரு பார்க்கின் படகு ரைடில், பயணிகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்த 68 வயது சீசன் ஊழியர், ரைடு எதிர்பாராமல் நகர்ந்ததில் கன்வேயர் பெல்ட்டில் விழுந்து, தலையில் அடிபட்டு, சில நாளில் இறந்தார். வேலையில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆகவே பயிற்சி எத்தனை மணி நேரம், எமர்ஜென்சி ஸ்டாப் எங்கே, நிற்கும் இடத்திலிருந்து அது கைக்கு எட்டுமா, ஓட்டுபவர் கண்ணுக்கு நான் தெரிகிறேனா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். திருப்தியில்லாவிட்டால் வேறு ரைடு கேளுங்கள். வேலையில் அடிபட்டால் வொர்க்கர்ஸ் காம்ப் காப்பீடு உண்டா என்பதையும், குறிப்பாக இடத்துக்கு ஈடாக உழைக்கும் மணி நேரத்துக்கும் அது செல்லுமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

புயல் விஷயத்தில் மத்திய மாநிலங்களை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போன டெரேச்சோ என்ற நேர்கோட்டுப் புயற்காற்று, டொர்னாடோ என்ற சுழற்காற்று இல்லாமலே மரங்களையும் கூரைகளையும் சாய்த்தது. டிரெய்லர் தஞ்சம் புகும் இடமே இல்லை. முகாமின் கட்டடத் தஞ்சம் எங்கே, இரவு 2 மணிக்கும் அதன் கதவு திறந்திருக்குமா என்று முதல் நாளே பாருங்கள். ஷிப்டுக்குப் போகும்போது வண்டிக்கு வெளியே விரியும் ஆனிங் என்ற நிழல் துணியைச் சுருட்டிவிட்டுத்தான் போக வேண்டும், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

மருத்துவக் காப்பீடு 65-க்கு முன்பு பெரும்பாலும் முகவரி இருக்கும் மாநிலத்தின் நெட்வொர்க்கோடு கட்டுண்டது. ஐந்தாறு மாதம் வேறு மாநிலத்தில் இருக்கும்போது அவசர சிகிச்சைக்கு மேல் எதுவும் கிடைக்காமல் போகலாம். மாத்திரைகளை 90 நாள் சீட்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை டிசம்பர், ஜனவரியிலேயே போடுங்கள். நல்ல இடங்கள் சீக்கிரம் போய்விடும். வண்டியின் வயதையும் முழு நீளத்தையும், அதாவது முன்பக்க இணைப்புக் கம்பியையும் சேர்த்து, முன்பே சொல்லிவிடுங்கள். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியை ஏற்காத முகாம்கள் உண்டு. வேலை செய்யும் தகுதியைக் காட்டும் ஐ-9 படிவத்துக்கு பாஸ்போர்ட் மட்டும் போதும், அல்லது ஓட்டுநர் உரிமமும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் சேர்ந்து வேண்டும்; அசல்தான் வேண்டும், நகல் செல்லாது.

அடுத்த வேலைக்கான தேதியையும் இப்போதே பாருங்கள். மினசோட்டா, நார்த் டகோட்டா எல்லையில் ரெட் ரிவர் பள்ளத்தாக்கின் ஷுகர் பீட் (சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு) அறுவடை அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். சில வாரத்தில் நல்ல பணம். ஆனால் ஹாலோவீன் வரை இருப்பதாகச் சொன்ன பார்க்கை விட்டுவிட்டுத்தான் போக முடியும், போனஸும் போகும். இரண்டும் வேண்டும் என்றால் ஒப்பந்தத்தின் கடைசி நாளை லேபர் டேயாகப் பேசி முடியுங்கள்.

அக்டோபர் கடைசியில் உறைபனி வந்தால் முகாம் தண்ணீரை நிறுத்திவிடும். வாட்டர் ஹீட்டரை பைபாஸில் போட்டு, குழாய்களில் உறையாத திரவமான இளஞ்சிவப்பு ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் ஓட்ட இரண்டு மூன்று காலன் கையில் வைத்திருங்கள். கிளம்பும் முன் மனிதவளப் பிரிவில் உங்கள் அஞ்சல் முகவரியைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். ஆண்டுச் சம்பளமும் வரிப்பிடித்தமும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தை ஜனவரி 31-க்குள் அனுப்புவார்கள்; முகாமின் முகவரிக்குப் போனால் அங்கே அதை வாங்க ஆள் இருக்காது.