வான்கோமைசின் ஏற்றும்போது முகம் சிவந்தால் ஒவ்வாமை என்று பதியலாமா?

வணக்கம் சகோதரி. வான்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை 1 கிராம் நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் நோயாளிக்கு முகமும் கழுத்தும் சிவந்து அரித்தது, நிறுத்திவிட்டேன், ஒவ்வாமை என்று பதியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தியது சரி. பதிவதில் அவசரம் வேண்டாம்.

முதலில் பம்ப்பின் வேகத்தைப் பாருங்கள். 1 கிராமுக்குக் குறைந்தது 60 நிமிடம் வேண்டும். வேகம் கூடினால் இந்த மருந்து மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டி, அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை வெளியேற்றும். பெரும்பாலும் இது வேகத்தால் வரும் வினை, உண்மையான ஒவ்வாமை அல்ல. அறிகுறி அடங்கியபின், மருத்துவர் சொன்னால், பாதி வேகத்தில் மறுபடி தொடங்குவதுண்டு. ஆனால் மூச்சிரைப்போ உதட்டு வீக்கமோ இரத்த அழுத்தச் சரிவோ தெரிந்தால் அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை வினை என்றே கருதி உடனே உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். அப்போது அட்ரினலின்தான் முதல் மருந்து.

இன்னொன்று. நம்மவர் தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். சிங்கப்பூர் வந்த புதிதில் ஒரு தமிழ்த் தாத்தா கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார். கொசுக்கடி என்று நினைத்துவிட்டேன்! அரிக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பதிவில் அளவு, வேகம், எத்தனையாவது நிமிடம், என்ன அறிகுறி என்று நடந்ததை அப்படியே எழுதுங்கள். வெறுமனே ஒவ்வாமை என்று பதிந்தால் அந்த முத்திரை தேசிய மின்னணு மருத்துவப் பதிவேடு வழியாக அடுத்த மருத்துவமனைக்கும் போகலாம். நாளை எம்ஆர்எஸ்ஏ (பல நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காத பாக்டீரியா) தொற்று வந்தால் அங்குள்ளவர்கள் இந்த மருந்தைத் தொடவே தயங்குவார்கள்.

டோஸ் பாதியில் நின்றதை மருந்தாளரிடமும் சொல்லிவிடுங்கள். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும்போது அது கணக்கைக் குழப்பும்.