பின் டயரில் நான்கு நாளுக்கு ஒருமுறை காற்று குறைகிறது, கடையில் பஞ்சர் இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

நானும் இரண்டு மாதம் இப்படித்தான் காற்று அடித்து அடித்து ஓட்டினேன். 150 சிசி வண்டி, அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர். திங்கட்கிழமை காற்றழுத்தம் 28 பிஎஸ்ஐ வைத்தால் வெள்ளிக்கிழமை 20-க்கு வந்துவிடும். இரண்டு கடைகளில் டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆணி எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆணி இல்லைதான். காற்று போனது வால்வு வழியாக. அதனால் உங்களுக்கும் சொல்கிறேன், ஆணியைத் தேடும் முன் வால்வைப் பாருங்கள்.

அதற்கு முன்னால், காற்று எவ்வளவு குறைகிறது என்று காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள். ஓடி வந்த டயர் சூட்டில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். மாலையில் பெட்ரோல் பங்கில் 28 வைத்துவிட்டு மறுநாள் காலை 25 என்று பார்த்தால், அது கசிவாகவே இல்லாமலும் இருக்கலாம். நல்ல டயரிலேயே மாதத்துக்கு ஒன்றிரண்டு குறையும். காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பங்கு மீட்டரும் இன்னொரு பங்கு மீட்டரும் ஒத்துப்போவதில்லை.

சரி, இப்போது சோதனை. ஒரு ஷாம்பு பாக்கெட்டை அரை மக் தண்ணீரில் கலக்குங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, வால்வு மூடியைக் கழற்றி, வால்வின் வாயில் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி கிளம்பினால் வால்வுக்குள் காற்றை அடைத்து நிறுத்தும் சிறிய ‘பின்’ தளர்ந்திருக்கிறது, அல்லது அதன் ரப்பர் தேய்ந்திருக்கிறது. பழைய மெக்கானிக்குகள் எச்சில் தொட்டு வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இறுக்கிப் பார்க்கலாம், நிற்காவிட்டால் பின்னை மாற்றிவிடலாம்.

அடுத்தது வால்வின் அடிப்பகுதி, ரிம்முக்குள் நுழையும் இடம். அங்கே சும்மா தண்ணீர் விட்டால் போதாது. என் வண்டியில் முதலில் ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வை விரலால் ஒரு பக்கமாக வளைத்ததும் ரப்பரில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு திறந்தது. கடுகு கடுகாகக் குமிழிகள். கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. ஒவ்வொரு முறை பங்கில் குழாயை மாட்டும்போதும் அந்த வால்வு வளைந்திருக்கிறது, வெடிப்பு இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. டயரைப் புதிதாகப் போட்டபோது பழைய வால்வையே விட்டுவைத்ததன் விளைவு இது. டயர் மாற்றினால் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

வால்வு நன்றாக இருந்தால், முன்பு பஞ்சர் போட்ட இடங்களில் தண்ணீர் விடுங்கள். ஓட்டையில் செருகிய பழைய ரப்பர் ஸ்ட்ரிப் ஓரமாகக் கசிவது சகஜம். அப்புறம் டயரும் ரிம்மும் சேரும் ஓரத்தை இரண்டு பக்கமும் முழுச் சுற்று நனைத்து, அவசரப்படாமல் ஒரு நிமிடம் பாருங்கள். அங்கே மெல்லிய நுரை கட்டினால் ரிம் அரித்திருக்கிறது அல்லது மண் ஏறியிருக்கிறது. டயரைக் கழற்றி எமரி தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டவேண்டும். அலாயிலேயே குமிழி வந்தால் விரிசல். அதில் ஒட்டுவேலை பார்க்க வேண்டாம், சக்கரத்தை மாற்றிவிடுங்கள். ஆணி கண்ணில் பட்டால் வீட்டில் பிடுங்காமல் கடைக்கே ஓட்டிப் போங்கள்.

டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவத்தைக் காரணம் தெரிவதற்கு முன் ஊற்றாதீர்கள். வளையும் வால்வின் வெடிப்பை அது அடைக்காது, வால்வு பின்னில் போய் அப்பிக்கொண்டு காற்று அடிப்பதையும் சிரமமாக்கும்.

உங்களுடையது டியூப் டயர் என்றால் கதை வேறு. டியூபைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கித்தான் பார்க்கவேண்டும். அப்போது டயரின் உட்புறத்தை ஒரு பழைய துணியால் சுற்றித் துடைக்கச் சொல்லுங்கள். சீமைக்கருவேல முள்ளின் நுனி முறிந்து உள்ளேயே நின்றிருந்தால் துணி அதில் மாட்டும். அதை எடுக்காமல் எத்தனை ஒட்டுப் போட்டாலும் அதே இடத்தில் மறுபடி குத்தும்.

எனக்கு வால்வும் கூலியும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியதால் செயின் தொய்வையும் பிரேக்கையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மூன்று வாரம் கழித்துக் காலையில் அளந்தபோது 27 இருந்தது.