ஒரே நிற நூலுக்கு எடுப்பான பின்னல் எது?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கடையில் வெளிர் சாம்பல் நிற நூல் வாங்கினேன், 100 கிராம் பந்து இரண்டு. லேபலில் அக்ரிலிக் என்று போட்டிருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கிற தம்பிக்கு ஸ்காஃப் பின்ன எண்ணம். கொஞ்சம் பின்னிப் பார்த்தால் வெறுமையாகத் தெரிகிறது, இரண்டு கரையும் உள்ளுக்குச் சுருளுகிறது. கடைக்காரர் முதலிலேயே கலர் கலராக ஓடுகிற நூலைத்தான் எடுக்கச் சொன்னார். போய் மாற்றி எடுக்கவா?
(வட்டக்கச்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மாற்ற வேண்டாம் தங்கச்சி. நல்ல நூலைத்தான் எடுத்திருக்கிறீர்கள். பல நிறம் ஓடுகிற நூலில் எவ்வளவு நுணுக்கமாகப் பின்னினாலும் பார்க்கிறவரின் கண் நிறத்தில்தான் நிற்கும், உங்கள் கைவேலை அதற்குள் காணாமல் போய்விடும். ஒரே நிற நூலில் அப்படி இல்லை, மேடும் பள்ளமும் நிழலும் அப்படியே தெரியும். அதுவும் வெளிர் சாம்பலில் இன்னும் நன்றாகத் தெரியும். கறுப்போ கடும் நீலமோ வாங்கியிருந்தால், கஷ்டப்பட்டுப் பின்னியது பக்கத்தில் வந்து உற்றுப் பார்க்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் ஒரு வரி முழுக்க நிற் (பின்னுகிறவர் பக்கம் வழவழப்பாக விழுவது), மறு வரி முழுக்க பேர்ள் (பின்னுகிறவர் பக்கம் சின்ன மேடாக விழுவது) என்று போட்டிருப்பீர்கள். அந்தப் பின்னல் யார் பின்னினாலும் கரை சுருளும், அது உங்கள் கைப்பிழை இல்லை, நூலின் பிழையும் இல்லை. ஸ்காஃப் என்றால் இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற சாமான், கழுத்தில் சுற்றும்போது எந்தப் பக்கம் மேலே வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் பார்க்க வேண்டியது, பின்பக்கமும் பார்க்க நன்றாக இருக்கிற பின்னலா என்பதுதான். படத்தில் முன்பக்கத்தை மட்டும் காட்டுகிற பின்னல் குறிப்பைக் கண்டு மயங்காதீர்கள், காசு கொடுத்து வாங்குகிற குறிப்பு என்றால் பின்பக்கப் படமும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். காசு கொடுக்காமலே நிறையக் கிடைக்கிறது, ரவல்ரி என்ற பின்னல் இணையத்தளத்தில் கணக்குத் திறந்தால் இலவசக் குறிப்புகளை மட்டும் பிரித்துத் தேடலாம். குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் கே என்றால் நிற், பி என்றால் பேர்ள், இந்த இரண்டும் தெரிந்தால் ஆரம்பிக்கப் போதும்.

உங்கள் நூலுக்கு என் முதல் தெரிவு கூடைப் பின்னல். ஓலையில் கடகம் இழைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்தானே, ஒரு சார்வு மேலே வர அடுத்தது உள்ளே போகும், அந்த மாதிரியே கட்டம் கட்டமாக விழும். 46 கண்ணி (ஊசியில் ஏற்றுகிற வளையம்) போடுங்கள். இரண்டு கரையிலும் மூன்று மூன்று கண்ணியை எப்போதும் நிற்றாகவே வைத்தால் கரை நேராக நிற்கும். நடுவில் உள்ள 40 கண்ணியில் 4 நிற், 4 பேர்ள் என்று மாறி மாறி 6 வரி, அப்புறம் 4 பேர்ள், 4 நிற் என்று தொடங்கி 6 வரி, இப்படியே மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். ஆம்பிளைப் பிள்ளை போடவும் கூச்சப்படமாட்டார்.

அதைவிடச் சுகமானது ஒன்று இருக்கிறது, ஒரே ஒரு வரியை மனதில் வைத்தால் போதும். 39 அல்லது 43 கண்ணி போட்டு, 2 நிற், 2 பேர்ள் என்று போய், கடைசி மூன்று கண்ணியில் 2 நிற், 1 பேர்ள் போட்டு முடியுங்கள். எல்லா வரியும் இதேதான். ஒரு கண்ணி தள்ளித் தள்ளி விழுவதால் ஆழமான வரிகள் வந்து, பார்க்கிறவர் பெரிய வேலை என்று நினைப்பார். மெத்தென்று தடிப்பாக இருக்கும், ரொறன்ரோவின் ஜனவரிக் குளிருக்கு அந்தத் தடிப்பு வேணும். நூல் கொஞ்சம் கூடக் குடிக்கும், அதைக் கணக்கில் வையுங்கள்.

கேபிள் போட ஆசை என்றால் போடலாம், கண்ணிகளை ஒன்றின் மேல் ஒன்று தாண்டவிடும்போது வருகிற அந்த முறுக்கு ஒரே நிற நூலில்தான் முழு அழகோடு தெரியும். ஆனால் கேபிள் அகலத்தை உள்ளுக்கு இழுக்கும், நூலும் கூடப் பிடிக்கும், பின்பக்கம் அவ்வளவு வடிவாக இராது. இருநூறு கிராமை வைத்துக்கொண்டு முழு ஸ்காஃபுக்கும் கேபிள் போட நான் சொல்லமாட்டேன். நடுவில் ஒரு முறுக்கு ஓடவிட்டால் போதும்.

ஓட்டை ஓட்டையாக விடுகிற லேஸ் பின்னல் இந்த நூலுக்கு வேண்டாம். லேஸை நனைத்து, இழுத்துப் பரப்பி, ஊசி குத்திக் காயவிட்டால்தான் பூ திறக்கும். ஆட்டு மயிர் நூல் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், அக்ரிலிக் திரும்பச் சுருங்கும். அதற்காக ஸ்திரிக்கைப் பெட்டியை மட்டும் மேலே வைத்துவிடாதீர்கள், சூட்டில் நூல் செத்து, மேடெல்லாம் அமுங்கித் தொய்ந்துவிடும், பிறகு திருத்த வழியே இல்லை.

எதைத் தெரிந்தாலும் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, விறாந்தையில் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அகலம் 15 முதல் 18 சென்ரிமீற்றர், நீளம் 160க்கு மேல் இருந்தால் தம்பிக்கு ஒரு சுற்றுச் சுற்றித் தொங்கவும் காணும். நூல் லேபலைப் பார்சலுக்குள் வைத்து அனுப்புங்கள், அங்கே மெசினில் போட்டுத் துவைக்கிறவருக்கு அது உதவும்.

கேள்வி: முல்லைத்தீவில் வாங்கிய நூலில் லேபலே இல்லை. அக்கா, இது கம்பளியா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே நீலம் என்று தந்த நான்கு பந்தில் ஒன்று கொஞ்சம் வெளிறியும் இருக்கிறது.

பதில்: ஒரு விரல் நீள நூலை வெட்டி, தண்ணீர் உள்ள தட்டுக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமயிர் எரிகிற மணம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் ஆட்டு மயிர். கடதாசி எரிகிற மணம் என்றால் பருத்தி. உருகிக் கடினமான மணியாகத் திரண்டால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல்.

நிறம் மாறுவது வேறு வேறு தடவை சாயம் போட்ட பந்துகள் கலந்ததால். லேபல் உள்ள நூலில் சாயத் தொகுதி இலக்கம் போட்டிருக்கும், வாங்கும்போது எல்லாப் பந்திலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, தேவையானதை ஒரே தடவையில் வாங்குங்கள். ஒரே நிறத்தில் பின்னும்போது இந்தச் சின்ன வித்தியாசம் குறுக்கே கோடு போட்டது மாதிரித் தெரியும். கடைக்காரர் மாற்றித் தராவிட்டால், வெளிறிய பந்தையும் மற்றதையும் இரண்டிரண்டு வரியாக மாற்றிப் பின்னினால் கண்ணுக்கு அகப்படாது.

பற்றுச்சீட்டு கேட்டு வாங்கினீர்களா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி தரத்தான் வேண்டும். கம்பளி என்று சொல்லி அக்ரிலிக்கைத் தந்திருந்தால் சும்மா விடாதீர்கள், அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

கேள்வி: மார்கழிப் பனியில் விடிய வயலுக்குப் போகிற அம்மாவுக்குப் பருத்தி நூலில் ஸ்காஃப் பின்னலாமா?

பதில்: தாராளமாக. எங்கள் பக்கத்துப் பனிக்குப் பருத்தி காணும், வெயில் ஏறினாலும் கழுத்து அவியாது. ஆனால் பருத்திக்கு இழுவை இல்லை, பாரமும் கூட. தடித்த கேபிள் போட்டால் தொங்கி நீளும். ஒற்றைப்படைக் கண்ணி போட்டு, எல்லா வரியிலும் 1 நிற், 1 பேர்ள் என்று போய் நிற்றிலேயே முடிகிற மணிப் பின்னலைப் போடுங்கள், நெல்மணி தூவினது போலப் புள்ளி புள்ளியாக வரும், கரையும் சுருளாது. நூலைக் கிராமில் பார்த்து வாங்க வேண்டாம், அதே பாரத்தில் பருத்தி நூலின் நீளம் அக்ரிலிக்கை விடக் குறைவாக இருக்கும், லேபலில் எத்தனை மீற்றர் என்று பார்த்து வாங்குங்கள்.