அரசியல் பாடம் சொல்ல வந்தவரிடம் சில கேள்விகள்

டர்பனில் கால் நூற்றாண்டாக அரசியல் அறிவியல் கற்பிக்கும் நம் சங்க உறுப்பினர், மற்ற உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தந்த பதில்கள் இவை.

*ஐயா, என் தம்பி சென்னையில் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறான். இங்கே வேலை தேட முதலில் என்ன செய்ய வேண்டும்?*

தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்திடம் பட்டத்துக்கு மதிப்பீட்டுச் சான்று வாங்கச் சொல்லுங்கள் அம்மா. காவல்துறைச் சான்றும் வேண்டும். வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இருந்துவிட்டேன். பிப்ரவரியில் தொடங்க வேண்டிய பாடத்தை ஏப்ரலில் தொடங்கினேன்.

*விரிவுரையாளராகச் சேர்ந்து பேராசிரியர் ஆக எத்தனை ஆண்டு ஆகும்?*

எனக்குப் பதினாறு. விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என நான்கு படிகள். பணிமூப்பு மட்டும் ஏற்றிவிடாது. கரையேற்றிய ஆய்வு மாணவர்கள் எத்தனை பேர், அங்கீகாரப் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் கட்டுரைகள் எத்தனை என்று பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் உள்ள இதழில் எழுதினால் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் வருகிறது. அக்கறைக்கு அதுதான் காரணம். ஒருமுறை தமிழ்ச் சிற்றிதழில் வந்த என் கட்டுரையைத் துறைத் தலைவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்து, "எழுத்துகள் அழகாக இருக்கின்றன" என்றார்.

தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆய்வாளர்களுக்குத் தரும் தரவரிசையும் உண்டு. இளையவர்களுக்கான 'ஒய்' பிரிவுக்கு, முனைவர் பட்டம் பெற்று ஐந்து ஆண்டு நிறைவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் தம்பியும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும் அம்மா.

*நாங்கள் டர்பன் ஃபீனிக்ஸில் ஐந்தாம் தலைமுறை. நேற்று வந்த உங்களுக்கு எங்கள் வரலாற்றை எழுத என்ன உரிமை?*

என் முதல் வகுப்பிலேயே ஒரு கவுண்டர் வீட்டுப் பையன் இதைக் கேட்டான். "எங்கள் பாட்டன்கள் கப்பலில் வந்தார்கள். நீங்கள்?" விமானத்தில் என்றேன். வகுப்பே சிரித்தது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் வேறென்ன சொல்ல?

எட்டு ஆண்டுகள் தமிழ்நாட்டுக் கட்சிகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே யாருக்கும் அது தேவைப்படவில்லை. பிறகுதான் டர்பன் துறைமுகத்தில் உள்ள சாலிஸ்பரி தீவின் பக்கம் திரும்பினேன். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இனத்துக்கொரு கல்லூரி என்று பிரித்தபோது, 1961-ல் இந்தியர்களுக்கான கல்லூரியை அந்தத் தீவில் கடற்படையின் பழைய கட்டடங்களில் திறந்தார்கள். பின்னர் அது வெஸ்ட்வில்லுக்கு மாறியது. 2004-ல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்தத் தீவில் படித்த பெரியவர்களின் வீடு தேடிப் போனேன். தமிழ் பேசுவதாலேயே கதவு திறந்துவிடும் என்று நினைத்தது என் மடத்தனம். மூன்றாம் முறை போனபோதுதான் ஒரு பாட்டி தேநீர் கொடுத்தார். உரிமை என்று எதுவும் இல்லை. அவர் கொடுத்தார், எழுதினேன்.

*வெளியிலிருந்து வந்தவர் பாடத்திட்டத்தை மாற்ற முடியுமா?*

அரசியல் அறிஞர் மஹ்மூத் மம்தானியின் கதையைப் பாருங்கள். பம்பாயில் பிறந்து உகாண்டாவில் வளர்ந்தவர். 1972-ல் இடி அமீன் ஆசியர்களைத் துரத்தியபோது அவரும் வெளியேறினார். 1996-ல் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுப் பேராசிரியரானார். முதலாண்டு மாணவர்களுக்கு அவர் வகுத்த பாடத்தைச் சக ஆசிரியர்கள் ஏற்கவில்லை. ஆப்பிரிக்க அறிஞர்களின் எழுத்து இல்லாமல் என்ன ஆப்பிரிக்கப் பாடம் என்று வாதாடினார். 1998-ல் சண்டை வெளியே வெடித்தது; அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 2015-ல் கேப்டவுனில் காலனி ஆதிக்கவாதி ரோட்ஸின் சிலையை அகற்றச் சொன்ன மாணவர்கள் அதே கேள்வியை எழுப்பினார்கள். 2017-ல் கேப்டவுன் பல்கலைக்கழகமே மம்தானியைச் சொற்பொழிவாற்ற அழைத்தது.

அவர் உலகறிந்தவர், போக இடம் இருந்தது. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் விரிவுரையாளர் முதல் ஆண்டில் வாசிப்புப் பட்டியலில் இரண்டு கட்டுரைகளை மட்டும் மாற்றட்டும். கோழைத்தனம் என்பீர்கள். வாடகை கட்டியவன் சொல்கிறேன்.

*சுலு மொழி தெரிய வேண்டுமா?*

பாடம் நடத்த ஆங்கிலம் போதும். மாணவர்கள் உங்களைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள சுலு வேண்டும்.

*குடியுரிமை வாங்கிவிட்டீர்களா?*

இல்லை, நிரந்தர வசிப்புரிமையோடு நின்றுவிட்டேன். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அந்தக் கடவுச்சீட்டைக் கொடுக்க மனம் வரவில்லை. அதனால் தேர்தல் முறை பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நான் இங்கே வாக்களித்ததே இல்லை. 2024 மே 29 அன்று நடந்த தேர்தலில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் 1994-க்குப் பிறகு முதன்முறையாகப் பெரும்பான்மையை இழந்தது. அடுத்த வகுப்பில் பிள்ளைகள் இடது கட்டைவிரல் மையைக் காட்டி, "பேராசிரியரே, உங்கள் விரல் எங்கே?" என்றார்கள். வருகைப் பதிவை எடுத்துப் பெயர் கூப்பிடத் தொடங்கினேன்.