பத்தாவதில் மார்க் குறைவு, வீட்டில் வசதியில்லை. தம்பியை ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்தால் கம்பெனியில் நல்ல வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் ஊரில் 'கம்பெனி வேலை' என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு: காண்ட்ராக்டில் பட்டன் அமுக்குவது ஒன்று, தொழில் கற்றுச் செய்வது இன்னொன்று. இரண்டிலும் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். அப்பா, அம்மா கரும்பு வெட்டப் போகிறவர்கள். பத்தாவது முடித்து நானும் இரண்டு வருடம் வெட்டினேன். 18 முடிந்ததும் ஊருக்கு வந்த ஏஜென்ட் மூலம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குப் போனேன். காண்ட்ராக்ட்தான். வேன் வரும், கேன்டீன் சாப்பாடு, ஒரே அறையில் ஒன்பது பேர். பீஸை மாட்டு, கதவைச் சாத்து, பச்சை பட்டனை அமுக்கு. இவ்வளவுதான் வேலை. வீட்டில் 'சிஎன்சி ஆப்பரேட்டர்' (கம்ப்யூட்டரால் இயங்கும் கடைசல் மிஷினை ஓட்டுகிறவன்) என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். மிஷின் நின்றால், அதைச் சரிசெய்து அமைத்துத் தரும் செட்டர் அண்ணன் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மூன்றாம் வருடம் ஆர்டர் குறைந்தது, 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்றார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட கையில் இல்லை.

21 வயதில் அரசு ஐடிஐயில் டர்னர் (கடைசல் வேலை) பிரிவில் சேர்ந்தேன். வகுப்பே என்னை அண்ணா என்று கூப்பிட்டது. முதல் சில வாரம் வைஸில் இரும்புத் துண்டைப் பிடித்து அரம் போட்டே கை கொப்பளித்தது. அப்புறம் லேத், அதாவது கடைசல் மிஷின். இரும்பைச் சீவும் டூலை நாமே கிரைண்டரில் பிடித்துக் கோணம் கொடுக்க வேண்டும்; கோணம் தப்பினால் லேத்தே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போதுதான் அந்தச் செட்டர் அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது புரிந்தது. டூலின் முனை தேயத் தேயப் பீஸின் விட்டம் கூடும். வெர்னியரில் அளந்து, கூடியதை ஆஃப்செட்டில் (டூல் நிற்கும் இடத்தைத் திருத்த மிஷினில் போடும் எண்) கழித்துவிடுவார். நான் மாயம் என்று நினைத்தது இந்தக் கழித்தல் கணக்கைத்தான்.

ஐடிஐ முடித்து ஒரு வருடம் அப்ரண்டிஸ், அதாவது கம்பெனியிலேயே வேலைப் பயிற்சி. பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு மிஷின் உள்ள ஒரு சின்னப் பட்டறை. சம்பளம் பெரிய கம்பெனியைவிடக் குறைவுதான். ஆனால் டிராயிங் படிப்பது, டூல் மாற்றுவது, புரோகிராம் போடுவது எல்லாம் அங்கேதான் கற்றேன். ஆள் குறைவு, அதனால் எல்லாரும் எல்லாம் செய்தாக வேண்டும். இப்போது நானே செட்டர்.

தம்பி விஷயத்துக்கு வருவோம். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் கிடையாது, பஸ் பாஸ் உண்டு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், பத்தாவது வரை அங்கே படித்து ஐடிஐ வருபவர்களுக்கும் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம்தான், எட்டாவது போதும். வீட்டு நிலைமை ரொம்ப நெருக்கினால் அதையும் யோசிக்கலாம். இரண்டு வருட டிரேடு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர வழி இருக்கிறது. டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் ரோபோ, சிஎன்சி எல்லாம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் பையன் முதலில் அரம் போடட்டும்.

ஐடிஐ முடித்த கையோடு காண்ட்ராக்ட் வேனில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அப்ரண்டிஸ் முடித்துத் தேர்வெழுதி அந்தச் சான்றிதழை வாங்கட்டும். பிற்பாடு ரயில்வே, பெல் (BHEL) மாதிரி இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது உதவும்.

'கிளாஸுக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்' என்று காசு வாங்கும் தனியார் இடங்களும் இருக்கின்றன. என் சித்தப்பா மகன் அப்படி ஒன்றில் சர்டிபிகேட் வாங்கினான். முதல் இன்டர்வியூவில் மைக்ரோமீட்டரைக் கொடுத்து அளக்கச் சொன்னதும் திரும்பி வந்துவிட்டான். சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை நாளில் நேரில் போய் ஒர்க்‌ஷாப்பை எட்டிப் பாருங்கள். லேத்துக்குக் கீழே புதுசாக இரும்புச் சுருள் கிடந்தால் தைரியமாகப் பணம் கட்டலாம்.